தட்டிப்போட்டு நிக்கவேண்டிய கதவு

என்ரை பிரியாவிடைக் கூட்டத்திலை நாலு பேர் பேசினவை. நாலு பேரும் என்னைப் புகழ்ந்து தள்ளிச்சினம். பொறுமைசாலி எண்டினம், முகம் சுளிக்காதவ எண்டினம். அது பச்சைப் பொய், எனக்குக் கோவம் வந்தால் ஆஸ்பத்திரி வாட்டே அதிரும். "ஒரு விசேட பரிசோதனைப் பிரிவிலை" கனகாலம் சேவை செய்தவ எண்டும் சொல்லிச்சினம். அது என்ன பிரிவு, என்ன பரிசோதனை எண்டு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. தந்த கேடயத்திலையும் அப்பிடியேதான் அடிச்சிருந்தது. வீட்டை கொண்டுவந்து மேசையிலை வைக்க, என்ரை மனிசன் அதை வாசிச்சுப்போட்டு, நான் என்ன இரகசியப் பொலிசிலையோ வேலை செய்தனான் எண்டு கேட்டார்.

ஒருத்தரும் சொல்லாட்டில் நானே சொல்லுறன். நான் செய்தது ஆசனவாய்த் தசையின்ரை பலத்தை அளக்கிற வேலை. மலத்தை அடக்கேலாமல் அவதிப்படுற சனத்துக்கு அந்தத் தசை எவ்வளவு இறுக்குது, இறுக்கினதை எவ்வளவு நேரம் பிடிச்சு வைச்சிருக்குது, உள்ளுக்கு உணர்ச்சி சரியா இருக்குதோ எண்டு ஒரு மெல்லிய குழாயை வைச்சுப் பாத்துச் சொல்லுற வேலை. எங்கடை ஆஸ்பத்திரியிலை இதை முதன்முதல் செய்தவள் நான்தான். இதிலை எனக்கு ஒரு வெக்கமும் இல்லை. பெருமைதான்.

போன மாதம், இப்ப அந்தச் சோதனை அறையைப் பாக்கிற ரெண்டு பிள்ளையள் எங்கடை ஊர்த் திருநெல்வேலியிலை இருந்து என்னைத் தேடி வீட்டை வந்திச்சினம். புது மெசின் வந்திருக்குதாம். படம் கலர் கலராத் தெரியுதாம். "மிஸ்ஸி, மெசின் எல்லாம் வடிவா விளங்குது. ஆக்கள்தான் தளருகினமில்லை. நீங்கள் என்னெண்டு செய்தனீங்கள்?" எண்டு கேட்டுதுகள். தேத்தண்ணி ஆற ஆறக் கதைச்சன். அதைத்தான் இஞ்சை எழுதுறன்.

என்ரை படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சத்திரசிகிச்சை வாட்டிலை தாதியா, சனம் கூப்பிடுற மாதிரி மிஸ்ஸியா, இருந்தனான். இந்த மெசின் வரப்போகுது எண்டவுடனை என்னையும் இன்னொரு மிஸ்ஸியையும் கொழும்புக்கு அனுப்பினவை. பாதி சிங்களத்திலை, பாதி இங்கிலிசிலை காதிலை விழுந்ததைப் பிடிச்சுக்கொண்டு வந்தன். மிச்சமெல்லாம் எங்கடை சேர் படிப்பிச்சதுதான்.

சேர் எண்டால் எங்கடை சத்திரசிகிச்சை நிபுணர். ஆள் மெலிவு, கதையும் குறைவு. கோவம் வந்தால் சத்தம் போடமாட்டார், கண்ணாடியைக் கழட்டித் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் நாங்கள் எல்லாரும் சுவரோடை சுவரா ஒட்டிவிடுவம்.

மெசின் பூட்டி முடிஞ்ச அண்டைக்கு, ஆரை முதல் சோதிக்கப்போறம் எண்டு அவரிட்டைக் கேட்டன். "என்னைத்தான்" எண்டார். நான் பகிடி எண்டு நினைச்சன். மனிசன் சப்பாத்தைக் கழட்டி வைச்சுப்போட்டு, திரைக்குப் பின்னாலை போய்ப் போர்வையைச் சுத்திக்கொண்டு வந்து, மேசையிலை இடப்பக்கமாச் சரிஞ்சு முழங்காலை மடக்கிக்கொண்டு சுவரைப் பாத்துப் படுத்திட்டார்.  நாளைக்கு இந்த மனிசன்ரை முகத்தை நான் என்னெண்டு பாக்கிறது? அறை உதவியாளர் மலர் லேஞ்சித் துணியாலை வாயைப் பொத்திக்கொண்டு நிண்டாள். நான் அவளைப் பாக்கேல்லை. பாத்திருந்தால் ரெண்டு பேருக்கும் வேலை போயிருக்கும்.

படுத்த படுக்கையிலை சேர் எனக்குப் பாடம் நடத்தினார். ஜெல் குளிருது, கையுக்கை வைச்சுச் சூடாக்கிப்போட்டுப் பூசச் சொன்னார். குழாய் போக முதல் சொல்லவேணும், போனாப்பிறகு சொல்லி என்ன பிரயோசனம் எண்டார். பிறகு தசை தளருமட்டும் காத்திருந்தம். அந்தக் குழாயிலை அழுத்தத்தை உணருகிற இடங்கள் இருக்குது. தசை இறுகினால் திரையிலை கோடு ஏறும், தளர்ந்தால் இறங்கும். கோடு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பாத்துப் பக்கத்து வாட் ஊழியர் ஒருத்தர் என்னத்தையோ தேடிக்கொண்டு கதவைப் படாரெண்டு திறந்தார். உள்ளை கிடக்கிறது ஆர் எண்டு கண்டவுடனை திறந்த வாய் மூடாமல் நிண்டு, பின்னாலேயே நடந்து போட்டார். திரையைப் பாத்தால் கோடு கூரைக்குப் போய் நிக்குது.

"பாத்தியளோ?" எண்டு சேர் சுவரைப் பாத்தபடி சொன்னார். "நான் ஒரு டொக்டர். எனக்கே இப்பிடி. இனி இந்தக் கதவை ஆர் எண்டாலும் தட்டிப்போட்டு நிக்கவேணும். உள்ளை வர ஓம் எண்டு சொல்லுறது நீங்கள் இல்லை, நான் இல்லை. மேசையிலை கிடக்கிற ஆள்."

இன்னொண்டும் சொன்னார். சுவரைப் பாத்துக்கொண்டு கிடக்க மறியலிலை பூட்டிக் கிடக்கிற மாதிரி இருக்குதாம். அண்டைக்கே மேசையைத் திருப்பி யன்னல் பக்கமா முகம் இருக்கிற மாதிரிப் போட்டம். மேல்மாடி எண்டபடியால் வெளியிலை இருந்து ஒருத்தருக்கும் தெரியாது. தண்ணித் தாங்கியும் அதிலை இருக்கிற காகங்களும்தான் தெரியும். எத்தினையோ பேர் அந்தக் காகங்களைப் பாத்துக்கொண்டுதான் தளர்ந்தவை.

ஆஸ்பத்திரி முழுக்க அண்டைக்கு இதுதான் கதை. நான் சிரிச்ச ஆக்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை. அடுத்த நாள் என்னோடை கொழும்புக்கு வந்து படிச்ச மற்ற மிஸ்ஸியைக் கூப்பிட்டு, நானும் அந்த மேசையிலை ஏறிப் படுத்தன். சேர் சொல்லி இல்லை, நானாத்தான். அண்டைக்குப் பிறகு, "பயப்பிடாதேங்கோ, நோகாது, கொஞ்சம் அந்தரமா, கூச்சமா இருக்கும்" எண்டு நான் சொன்னால் சனம் நம்பினது. ஏன் எண்டால் அது எனக்குத் தெரிஞ்ச கதை.

"தசையை இறுக்குங்கோ" எண்டு சும்மா சொன்னால் ஆக்கள் கையை இறுக்குவினம், பல்லை இறுக்குவினம், மூச்சைப் பிடிப்பினம். நான் ஒரு வழி கண்டுபிடிச்சன். "பலாலி வீதி பஸ்ஸிலை நெரிஞ்சுகொண்டு நிக்கிறியள். காத்து வெளிக்கிடப் பாக்குது. பக்கத்திலை நிக்கிறது உங்கடை சம்பந்தி. அடக்குங்கோ!" எண்டுவன். ஒருத்தரும் பிழை விடமாட்டினம். சேர் ஒருநாள் திரைக்கு அங்காலை நிண்டு இதைக் கேட்டுப்போட்டு, மாணவ டொக்டர்மாருக்கும் இப்பிடியே சொல்லச் சொன்னார். அதுகள் வாயிலை வராமல் தடுமாறினதைப் பாக்க எனக்குச் சந்தோசமா இருந்தது.

சேரின்ரை கண்டிப்பான சட்டம் இன்னொண்டு இருந்தது. நோயாளி இறுக்கேக்கை, ஒரு கையை அவையின்ரை பின்சதையிலை வைச்சிருக்கவேணும். உள்ளுக்கை இருக்கிற தசை பலவீனமா இருந்தால், சனம் தங்களுக்குத் தெரியாமலே பின்சதையையும் தொடையையும் சேத்து நெருக்கும். கோடு வடிவா ஏறும், ஆனால் அது பொய்க்கோடு. கை வைக்காமல் எடுத்த கோட்டை அவர் கண்ணாலையும் பாக்கமாட்டார்.

கதவுச் சட்டத்தைப் பற்றியும் ஒண்டு சொல்லவேணும். ஒருக்கால் ஒரு பெரிய உத்தியோகத்தர் விருந்தாளியளைக் கூட்டிக்கொண்டு அறை காட்ட வந்து தட்டினார். மேசையிலை மயிலிட்டியிலை இருந்து வந்த கடற்தொழிலாளி ஐயா ஒருத்தர். நான் அவரைப் பாத்தன். அவர் யோசிச்சுப்போட்டு, "இப்ப ஏலாது, பிறகு வாங்கோ" எண்டு வள்ளத்திலை நிண்டு கூப்பிடுற குரலிலை சொன்னார். வந்தவை திரும்பிப் போட்டினம். ஐயாவுக்குச் சிரிப்பு அடக்கேலாமல் போச்சுது. "ஐயா, சிரியாதேங்கோ, கோடு துள்ளுது" எண்டு நான் கெஞ்சவேண்டி வந்தது. உத்தியோகத்தர் சேரிட்டை முறைப்பாடு சொல்லப் போனாராம். சேர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாராம்.

இனிப் பரமேஸ்வரியம்மாவின்ரை கதை. பேரை மாத்தியிருக்கிறன். எழுதப்போறன் எண்டு சொல்லி அவவிட்டைச் சம்மதமும் வாங்கியிருக்கிறன்.

அவ கீரிமலைப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பம். அம்பதைத் தாண்டின மனிசி, புருசன் இல்லை. ஊரிலை அவவை விரதக்காரி எண்டுதான் சொல்லுறது. ஆரின்ரை வீட்டுக் கலியாணத்துக்குப் போனாலும் அண்டைக்கு அவவுக்கு விரதம். கோயில் திருவிழா முழுக்க விரதம். சின்னச் சின்ன அடி எடுத்து வைச்சு மெல்ல நடப்பா. அப்பிடி அடக்கமான பொம்பிளையைக் காணேலாது எண்டு சனம் சொல்லும். ஒருநாள் கோயில் வீதியிலை மயங்கி விழ, எங்கடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தினம். செய்தி கேட்டுக் கனடாவிலை இருந்து ஒரே மகள் நிரோஜா வயித்திலை பிள்ளையோடை ஓடிவந்தாள்.

அவ எங்கடை அறைக்கு வரமுதலே அவவைப் பற்றின கதை வந்துசேர்ந்திட்டுது. மகள் கனடாவிலை ஒரு வேதக்காரப் பெடியனை விரும்பிக் கட்டினவள். கலியாணம் சேர்ச்சிலை. பிளேன் ரிக்கற் எல்லாம் அனுப்பியும் தாய் போகேல்லை. சேர்ச்சுப் படி மிதிக்கமாட்டன் எண்டு நிண்டவவாம், மகளோடை அண்டையிலை இருந்து முகம் குடுத்துக் கதையில்லையாம். நான் தலைமுறை தலைமுறையா வேதக்காரி, மிசன் பள்ளிக்கூடத்திலை படிச்சு வளந்தவள். கேட்டவுடனை எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் அந்த அறைக்குள்ளை கோவத்துக்கு இடமில்லை. செருப்போடை சேத்து வெளியிலை விட்டிட்டுத்தான் போனன்.

வாட்டிலை அவ தன்ரை உடுப்பை ஒருத்தரையும் தொட விடாமல் தானே தோய்க்கிறதைக் கண்டு, ஒரு வாட் டொக்டர் பக்குவமாக் கேட்டுத்தான் எங்களிட்டை அனுப்பினவ. மகளுக்கு ஒண்டும் தெரியக்கூடாது எண்ட நிபந்தனையோடைதான் பரமேஸ்வரியம்மா வந்தா. குடல் சோதனை எண்டு சொல்லி, நிரோஜாவை வெளியிலை நீட்டு மர வாங்கிலை இருத்தியிருந்தது. உள்ளை வந்தவ என்ரை கழுத்துச் சங்கிலியிலை இருந்த சிலுவையைக் கண்டிட்டு, சட்டெண்டு முகத்தைத் திருப்பினா. ஓகோ, கதை உண்மைதான் எண்டு நினைச்சன்.

காலமை வழமைபோலச் சாப்பிட்டிட்டு வரச் சொல்லியிருந்தும் அவ வெறும் வயித்தோடை வந்திருந்தா. கேட்க, விரதம் எண்டா. மலர் நல்ல சைவக்காரி. என்னை ஒரு பக்கம் இழுத்து, இண்டைக்குச் சதுர்த்தியும் இல்லை, பிரதோசமும் இல்லை, கார்த்திகையும் இல்லை, இது என்ன விரதம் மிஸ்ஸி எண்டு காதுக்குள்ளை கேட்டாள். எனக்கு என்ன தெரியும்?

குழாயை வைச்சு, காகங்களைப் பாக்க விட்டு, கோடு இறங்கும்வரைக்கும் இருந்தம். பிறகு பஸ் கதையைச் சொல்லி அடக்கச் சொன்னன். கோடு குத்தெண்டு ஏறிச்சுது. அவ்வளவு வடிவான கோட்டை நான் அந்த மாதம் முழுக்கக் காணேல்லை. ஆனால் பின்சதையிலை வைச்சிருந்த என்ரை கைக்குக் கீழை அம்மிக்கல் மாதிரிக் கிடந்தது.

"அம்மா, இதைத் தளர்த்தி விடுங்கோ. உள்ளுக்கை மட்டும் இறுக்குங்கோ" எண்டன். சதை தளர்ந்தது. கோடும் விழுந்தது. திரும்பச் சொன்னன். கோடு கொஞ்சம் தலையைத் தூக்கிப்போட்டு அப்பிடியே படுத்திட்டுது. அவ யன்னலைப் பாத்தபடி, "வருகுதில்லை, மிஸ்ஸி. எனக்கு அங்கை ஒண்டும் இல்லை" எண்டு சொல்லிச் சத்தமா அழுதா.

அப்பதான் எனக்கு எல்லாம் விளங்கினது. அந்தச் சின்ன அடி அடக்கம் இல்லை. பின்சதையை நெருக்கிப் பிடிச்சுக்கொண்டு ஒரு மனிசி வேறை எப்பிடி நடக்கிறது? விரதமும் விரதம் இல்லை. வெளிக்கிட்டுப் போற நாளிலை வயித்திலை ஒண்டும் இருக்கக்கூடாது எண்டு சாப்பிடாமல் கிடந்ததுதான். ஊர் கும்பிட்டது அவவின்ரை பட்டினியை. 

சேர் வந்து கதவைத் தட்டினார். கண்ணைத் துடைச்சுப்போட்டு அவ ஓம் எண்டு சொல்ல, உள்ளை வந்து ஸ்கான் செய்து பாத்தார். வளையமா இருக்கவேண்டிய தசை, முன்பக்கம் உடைஞ்ச காப்பு மாதிரி விலகிக் கிடந்தது. பிள்ளைப்பேறு எப்பிடி நடந்தது எண்டு கேட்டார். சண்டை நேரம் இடம்பெயர்ந்து தென்மராட்சியிலை ஒரு பள்ளிக்கூடத்திலை சனத்தோடை சனமா இருக்கேக்கை நடந்ததாம். பெரிய பிள்ளை, நல்லாக் கிழிஞ்சு போச்சுதாம். மருத்துவிச்சி தன்னாலான மட்டும் பாத்தவவாம், ஆனால் தைக்க டொக்டரும் இல்லை, மருந்தும் இல்லையாம். சில வருசத்துக்கு முந்தி ஒருத்தருக்கும் தெரியாமல் வேறை ஒரு இடத்திலை இதே சோதனையைச் செய்தவவாம். கோடு சரியா இருக்குது, தசையிலை பிழை இல்லை, உங்கடை மனசிலைதான் நோய் எண்டு அனுப்பிவிட்டினமாம்.

சேர் கதிரையை இழுத்து, அவவின்ரை முகத்துக்கு நேர இருந்தார். "மனசிலை ஒரு நோயும் இல்லை அம்மா. தசை விலகிக் கிடக்குது. இவ்வளவு காலமும் நீங்கள் சமாளிச்சது பெரிய காரியம். இதைத் தைக்கலாம்" எண்டார்.

அவ தலையைத் தூக்கிச் சேரைப் பாத்தா. பிறகு, "அப்ப எனக்கு விசர் இல்லையோ?" எண்டு கேட்டா. மலர் அழுதுகொண்டு திரைக்கு அங்காலை போட்டாள்.

பிறகு என்னைப் பாத்து, "உங்கடை ஆக்களிலை எனக்கு ஒரு வெறுப்பும் இல்லை, மிஸ்ஸி" எண்டு தொடங்கினா. மருமகன் தங்கமான பெடியனாம். அவ்வளவு தூரம் பிளேனிலை போய், பிறகு சேர்ச்சிலை எல்லாருக்கும் முன்னாலை வெள்ளைச் சீலையோ பட்டுச் சீலையோ உடுத்துக்கொண்டு இருக்க அவவாலை ஏலாது. ஊர்ச்சனம் தாங்களாச் சமயத்தைக் காரணம் காட்டினவையாம். இவ மறுக்கேல்லை. மகளும் அதை நம்பிவிட்டாள். "உன்னைப் பெத்துத்தான் எனக்கு இப்பிடி வந்தது எண்டு அந்தப் பிள்ளைக்கு என்னெண்டு சொல்லுறது? வேதக்காரரைப் பிடிக்காதவள் எண்டு நினைச்சால் நினைக்கட்டும்." அவ சொன்னது அவ்வளவும்தான்.

நிரோஜா அந்தக் கிழமை கனடாவுக்குத் திரும்பிப் போக இருந்தாள். அதுக்குப் பிறகு வருவாளோ தெரியாது. வாங்கிலை இருந்த முகத்தைப் பாத்தனான், மனசு விட்டுப்போன முகம். அந்தப் பிள்ளையிட்டை நடந்ததைக் கத்திச் சொல்லவேணும்போல எனக்கு இருந்தது. பரமேஸ்வரியம்மாவோ, ஒண்டும் இல்லை, வாய்வுதான் எண்டு சொல்லிவிடச் சொல்லி எங்களைக் கெஞ்சினா. சேர் கண்ணாடியைக் கழட்டினார். ஆனால் துடைக்கேல்லை. நாங்கள் பொய்யும் சொல்லமாட்டம், உங்களைக் கேக்காமல் உண்மையும் சொல்லமாட்டம், அது உங்கடை விசயம் எண்டார்.

அப்ப கதவிலை தட்டுற சத்தம் கேட்டது. தாய் அழுத சத்தம் வெளியிலை கேட்டிருக்கவேணும். "அம்மா, நான் உள்ளை வரட்டோ?"

நான் அசையேல்லை. சேரும் அசையேல்லை. திரைக்கு அங்காலை மலரும் மூக்கை உறிஞ்சுறதை விட்டிட்டாள். எத்தினையோ பேர் தட்டின கதவுதான். ஆனால் அண்டைக்கு மாதிரி ஒருநாளும் நான் அந்தக் கதவுக்கு முன்னாலை பயந்து நிண்டதில்லை. பரமேஸ்வரியம்மா யன்னலையே பாத்துக்கொண்டு கிடந்தா. போர்வையைக் கழுத்துவரைக்கும் இழுத்து மூடினா. நான் என்ரை மனசுக்குள்ளை ஆண்டவரைக் கூப்பிட்டன்.

"ஓம், வா பிள்ளை" எண்டா.

தன்ரை வாயாலைதான் சொன்னா. கனக்கக் கதைக்கேல்லை, சுத்தி வளைக்கவும் இல்லை. நிரோஜா தாயின்ரை கால்மாட்டிலை நிண்டு கேட்டாள். கேட்டு முடிய, அவளின்ரை கை தன்ரை வயித்திலை போய் நிண்டது. "அப்ப, என்னைப் பெத்ததாலையோ அம்மா?"

"உன்னைப் பெத்ததாலை இல்லையடி. தைக்க ஆள் இல்லாததாலை."

மகள் தாயின்ரை முதுகோடை முகத்தை வைச்சுக்கொண்டு அழுதாள். நாங்கள் மூண்டு பேரும் வெளியிலை போய்க் கதவைச் சாத்தினம். சேர் அந்த வாங்கிலை போய் இருந்தார். நோயாளர் இருக்கிற வாங்கிலை அவர் இருந்து நான் கண்டது அண்டைக்கு மட்டும்தான்.

பிறகு சேரே சத்திரசிகிச்சை செய்தார். காயம் ஆறினாப்பிறகு கிழமைக்குக் கிழமை என்னட்டை வந்து, திரையைப் பாத்துப் பாத்து அந்தத் தசையை வேலை செய்யப் பழகினா. பின்சதையைத் தளர்த்தி வைச்சுக்கொண்டு உள்ளுக்கை மட்டும் இறுக்குறது லேசில்லை. இத்தினை வருசப் பழக்கத்தை மறக்கவேணும். நான் ஏசினன், கொஞ்சினன், பஸ்ஸிலை நிண்ட சம்பந்தியை ஊர் விதானையாரா மாத்தியும் பாத்தன். கடைசியாச் செய்த சோதனையிலை கோடு மெல்ல ஏறி, ஏறின இடத்திலை நிண்டது. என்ரை கைக்குக் கீழை சதை பஞ்சு மாதிரிக் கிடந்தது. முழுசாப் புதுசு எண்டு சொல்லமாட்டன், அப்பிடி ஒருத்தருக்கும் வராது. ஆனால் அந்தக் கோட்டை நான் இண்டைக்கும் கண்ணை மூடிக்கொண்டு கீறுவன்.

வந்த ரெண்டு பிள்ளையளுக்கும் நான் சொன்னது இதுதான். ஜெல்லைச் சூடாக்குங்கோ, கையை வையுங்கோ, கதவிலை தட்டிப்போட்டு நில்லுங்கோ. ஒருக்கால் நீங்களும் அந்த மேசையிலை ஏறிப் படுங்கோ. ரெண்டும் ஒண்டை ஒண்டு பாத்துதுகள். படுப்பினம், எனக்கு நம்பிக்கை இருக்குது.

நிரோஜாவின்ரை பிள்ளைக்கு அங்கை சேர்ச்சிலை ஞானஸ்நானம் நடந்தது. ஒரு படம் அனுப்பியிருந்தாள். சேர்ச்சு மண்டபத்திலை முன்வரிசைக் கதிரையிலை பரமேஸ்வரியம்மா நல்ல வெளிர்நிறப் பட்டுச் சீலையோடை இருக்கிறா. மடியிலை சோத்துக்கோப்பை, வாய் நிறையச் சோறு. படம் எடுக்கிறவையைப் பாக்கக்கூட அவவுக்கு நேரம் இல்லை.

சேர் இப்ப வீட்டோடைதான். படத்தைக் கொண்டுபோய்க் காட்டினன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கொண்டு கனநேரம் பாத்தார். "இது எத்தினையாவது கோப்பை எண்டு கேளுங்கோ" எண்டார்.

அவருக்கு முன்னாலையே நிரோஜாவைக் கேட்டு எழுதினன். உடனை பதில் வந்தது.

"ரெண்டாவது."